கிழக்கே கால் நீட்டி

சுவிசேஷம் எழுதிய நால்வரில் ஒருவர்கூட இயேசு எழுந்த அந்த நிமிடத்தை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அவசரமாக அடக்கம் பண்ணியதை எழுதியிருக்கிறார்கள். ஞாயிறு விடியும்போது கல் புரண்டு கிடந்ததை எழுதியிருக்கிறார்கள். இடையில் அந்தக் குகைக்குள் இருட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரி கிடையாது. சபை ஏற்றுக்கொள்ளாமல் ஒதுக்கிவிட்ட பேதுருவின் சுவிசேஷம் என்று ஒன்று உண்டு. அதில்தான் எல்லா விவரமும் இருக்கிறது. வானத்தை முட்டும் தலையோடு இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துவர அவர் வெளியே வருகிறார். பின்னாலேயே சிலுவை வந்து பேசவும் செய்கிறது. அதைப் படித்த பிறகு நால்வர்மேல் எனக்கு மதிப்பு கூடியது. பார்க்காததை அவர்கள் எழுதவில்லை.

அவர்கள் எழுதியது பெண்கள் வந்த கதையை. எத்தனை பேர், யார் யார் என்பதை நால்வரும் நாலு விதமாகச் சொல்கிறார்கள். மகதலேனா மரியாள் மட்டும் நாலிலும் இருக்கிறாள். மாற்கும் லூக்காவும் சொல்கிறபடி பார்த்தால் அந்தப் பெண்கள் வாசனைத் திரவியம் வாங்கி, பக்குவம் பண்ணி எடுத்துக்கொண்டு போனார்கள். உயிரோடு எழுந்தவரைப் பார்க்க யாரும் தைலம் கொண்டுபோவதில்லை. ஓய்வுநாள் பிறந்துவிடும் என்ற பதற்றத்தில் வெள்ளிக்கிழமை பாதியில் விட்ட வேலையை முடிக்கத்தான் போனார்கள். பிரேதத்துக்குச் செய்யவேண்டிய வேலை. அந்த நேரத்தில் சீஷர்கள் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் அந்த வேலை ஆச்சியினுடையது.

மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரியும் தூரத்தில், தேரிக்காட்டின் ஓரத்தில் எங்கள் ஊர். ஒரு பெண்ணோ பிள்ளையோ இறந்துபோனால், கோயில்குட்டியார் துக்கமணி அடிக்குமுன்பே ஆச்சிக்கு ஆள் வந்துவிடும். யாரும் அவளை நியமிக்கவில்லை. காசு, பணம் கிடையாது. முற்றத்தில் நாலு கம்பு ஊன்றிச் சேலை கட்டி மறைப்பார்கள். உள்ளே பெஞ்சு. அண்டாவிலிருந்து செம்பில் மொண்டு கொடுக்கும் வேலை எனக்கு. வேறு பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள்; ஆச்சி என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள், ஏன் என்று இன்றுவரை தெரியாது. "ஏட்டி, தண்ணிய மெதுவா ஊத்து, குளிரும்" என்பாள். செத்தவங்களுக்குக் குளிருமா ஆச்சி என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. வெந்நீரை இன்னும் கொஞ்சம் விளாவச் சொன்னாள்.

காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், நகக்கண்ணில் எல்லாம் விரலை விட்டுத் தேய்ப்பாள். தலையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு ஈரம் போகத் துவட்டுவாள். வகிடு எடுத்துச் சீவி, கோடிச் சேலை கட்டி, கன்னத்தைச் சுற்றி நாடிக்கட்டு, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. இதெல்லாம் எல்லா ஊரிலும் செய்வதுதான். ஆச்சி கடைசியில் ஒன்று செய்வாள். பெட்டியை மூடப்போகிற நேரத்தில், போதகர் ஐயர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கால்கட்டை அவிழ்த்துவிடுவாள். நாடிக்கட்டையும் அவிழ்ப்பாள். அவிழ்த்த துணியைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிடுவாள். "கட்டோட மண்ணுக்குள்ள போனா, எந்திக்கும்போது தட்டி விழுந்திருவாவ" என்று எனக்கு விளக்கம்.

எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு இது சிரிப்பு. கல்லையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு எழும்புகிறவருக்கு ஒரு முழத்துணியா தடை என்பார். ஆச்சி விடமாட்டாள். லாசருவைப் பார் என்பாள். பெத்தானியாவில் நாலு நாள் ஆகி நாறிப்போன உடம்பை வெளியே வரச்சொல்லிக் கூப்பிட்டார். வந்தவன் கையும் காலும் துணியால் கட்டியிருக்க, முகத்தில் சீலையோடு வந்து நின்றான். கூப்பிட்டு எழுப்பத் தெரிந்தவருக்கு அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரியாதா? சுற்றி நின்றவர்களிடம் அல்லவா அவிழ்க்கச் சொன்னார்! இதுதான் ஆச்சியின் வாதம். செமினரியில் படித்த எவரும் அந்தப் பகுதியை இப்படி எனக்குச் சொல்லித்தரவில்லை. எழுப்புவது அவர் பாடு. அவிழ்ப்பது நம் பாடு.

தேரி மண்ணில் குழி வெட்டுவது லேசான வேலை இல்லை. வெட்ட வெட்ட ஓரம் சரியும். மேலே இரண்டு மடங்கு அகலமாகத் தொடங்கி, உள்ளே இறங்க இறங்கக் குறுக்கிக்கொண்டு போவார்கள். சரிகிற பக்கத்துக்குப் பனைமட்டையை அடுக்கி முட்டுக் கொடுப்பார்கள். சிவப்பு மணல் அடியில் ஈரமாக, இன்னும் கறுத்த சிவப்பாக இருக்கும். வெட்டுகிறவர்கள் கீழத்தெரு ஆட்கள். அவர்களும் வேதக்காரர்கள்தான், அதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தலை மேற்கே, கால் கிழக்கே. எல்லாக் குழியும் அப்படித்தான். மின்னல் கிழக்கே தோன்றி மேற்குவரை வெளிச்சமாவதுபோல அவர் வருவார் என்று வேதத்தில் சொல்லியிருப்பதால், எழுந்து உட்கார்ந்தாலே அவர் முகம் தெரியவேண்டும் என்று உபதேசியார் ஞாயிறு பாடசாலையில் சொல்லித்தந்தார். அன்றைக்கு ராத்திரி என் பாயை இழுத்துக் கிழக்கே கால் வைத்துப் படுத்துப் பார்த்தேன். மேலை நாடுகளில் சில இடங்களில் குருமாரை மட்டும் மாற்றி வைப்பார்களாம், எழுந்ததும் தங்கள் சபையை நேராகப் பார்க்கும்படி. நல்ல ஏற்பாடு, எத்தனை பேர் முகம்கொடுத்துப் பார்ப்பார்களோ.

ஒருமுறை இடையன்குடிக்குப் போனோம். கால்டுவெல் கட்டி 1880-இல் முடித்த கோயில். அவர் 1891-இல் கொடைக்கானலில் இறந்தார். உடலை அங்கிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்து அந்தக் கோயில் பீடத்துக்கு அடியிலேயே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். அப்பா அவர் எழுதிய ஒப்பிலக்கணம் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். ஆச்சி தரையையும் மேலே கூரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவு அழகா கட்டிட்டு, எந்திக்கும்போது இடிச்சிட்டுல்லா எந்திக்கணும்" என்றாள். அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சு இல்லை.

உயிர்த்தெழுதல் என்றால் அவளுக்கு ஆவி பரலோகம் போவது இல்லை. அது அன்றைக்கே போய்விடும், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல் இருப்பாள். உடம்பு எழும்பவேண்டும். தான் குளிப்பாட்டிய உடம்பு. நகக்கண் அழுக்கை எடுத்துவிட்ட அதே விரல். விசுவாசப் பிரமாணத்தை ஞாயிறுதோறும் எல்லோரும் சொல்கிறோம். சரீர உயிர்த்தெழுதல் என்கிற இடத்தைச் சொல்லும்போது நம்மில் முக்கால்வாசிப் பேர் மனசுக்குள் நினைப்பது ஆன்மா அழியாது என்பதைத்தான். அதைச் சொல்ல கிறிஸ்து வரவேண்டியதில்லை. கிரேக்கர்கள் அவருக்கு முன்பே சொல்லியாயிற்று. அதனால்தான் பவுல் அத்தேனே பட்டணத்தில் அழகாகப் பேசிக்கொண்டே வந்து, மரித்தவர் எழுந்தார் என்ற இடத்துக்கு வந்ததும் சிலர் சிரித்துவிட்டார்கள். இன்னொரு நாள் கேட்கிறோம் என்று சிலர் மரியாதையாகக் கழன்றுகொண்டார்கள். உடம்பு என்கிற சிறையிலிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தவர்களிடம் போய், அந்தச் சிறை திரும்பக் கிடைக்கும் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

நமக்கும் அது பழகிய சிரிப்புத்தான். உடம்பு பொய் என்று பாடிய சித்தர்களின் மண் இது. ஆனால் இங்கேயே வேறு குரலும் உண்டு. முதலில் உடம்பை இழிவாக நினைத்திருந்து பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் சொல்கிறார். பள்ளியில் எங்களுக்குத் தமிழ் நடத்திய ஐயா வள்ளலார் வழியில் நின்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, முட்டைகூடத் தொடமாட்டார். வேதப்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஒருநாள் அவர் சொன்னார்: உங்கள் ஆட்கள் மட்டும்தான் புதைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், வள்ளலாரும் எரிக்கக் கூடாது, புதைக்கவேண்டும் என்றுதான் 1871-இல் எழுதிவைத்தார், இறந்தவர்கள் திரும்ப எழுப்பப்படுவார்கள், அழவேண்டாம் என்றார். நான் அன்றைக்கு ஓடிப்போய் ஆச்சியிடம் சொன்னேன். "வடலூர்க்காரரா? நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

லெந்து நாட்களில் எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. பெரிய வெள்ளியன்று 12 மணி முதல் 3 மணி வரை ஏழு வார்த்தை தியானம். ஏழு பேர் பிரசங்கம் பண்ணுவார்கள், நாலாவது வார்த்தைக்கு மேல் பிள்ளைகள் தூங்கிவிடும். வெளியே வந்தால் அண்டாவில் கஞ்சி, காணத்துவையல். சனிக்கிழமை ஆச்சி கல்லறைக்குப் போய்த் தாத்தாவுக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். சருகைக் கூட்டித் தள்ளி, குச்சம் கட்டி, பெயர் எழுதிய இடத்தில் சுண்ணாம்பு படாமல் விரலால் துடைத்துவிடுவாள். ஞாயிறு காலை நாலு மணிக்கு மணி. பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் முன்னே போக, பாடிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிக் கோயிலுக்கு வருவோம். எனக்கு அந்தப் பாட்டைவிட, தூக்கக் கலக்கத்தில் நடக்கையில் காலில் படும் குளிர்ந்த மணல்தான் ஞாபகம் இருக்கிறது. மத்தியானம் ஆட்டுக்கறி.

அன்றைய பிரசங்கம் எப்போதும் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம், 15-ஆம் அதிகாரம். பவுல் அதை எழுதியது ஏறத்தாழ கி.பி. 55 வாக்கில், நாலு சுவிசேஷங்களுக்கும் முந்தியது. கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் நாங்கள் பேசுவதும் வீண், நீங்கள் நம்புவதும் வீண் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறார். எந்த மதக்காரரும் தன் மதத்தின் கழுத்தை இப்படிக் கத்திக்கு நேரே நீட்டிக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. நல்ல போதனை, நல்ல ஒழுக்கம், அது போதாதா என்று கேட்பவர்களுக்குப் போதாது என்கிறார். பிறகு சாட்சிகளின் பட்டியல்: கேபா, பன்னிருவர், 500 பேருக்கு மேல், யாக்கோபு, கடைசியாகத் தான். பெரியவளான பிறகுதான் கவனித்தேன், இந்தப் பட்டியலில் பெண்கள் இல்லை. முதலில் போனவர்கள், முதலில் பார்த்தவர்கள், பெயரே இல்லை. அந்தக் காலத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் கிடையாது, அதனால் விட்டிருப்பார் என்று சமாதானம் சொல்கிறார்கள். அப்படியானால் சுவிசேஷக்காரர்கள் ஏன் விடவில்லை? கதையைப் புனைந்திருந்தால் மதிப்பில்லாத சாட்சிகளையா முன்னே நிறுத்தியிருப்பார்கள்? ஆச்சியிடம் கேட்டிருந்தால், பவுல் என்றைக்குப் பிரேதம் குளிப்பாட்டினார் என்று கேட்டிருப்பாள்.

அப்பாவின் மேசைக்கு மேலே ஒரு காலண்டர் படம் மாட்டியிருந்தது. வெள்ளை அங்கி, கையில் சிலுவைக் கொடி, காலடியில் மல்லாந்து கிடக்கும் ரோமச் சேவகர்கள், கல்லறைக்கு மேலே மேகத்தில் தனியாக நிற்கும் இயேசு. மேல்நாட்டு ஓவியர்கள் உயிர்த்தெழுதலைப் பெரும்பாலும் இப்படித்தான் வரைந்தார்கள். கிழக்கத்திய சபைகளின் படம் முற்றிலும் வேறு என்பது ரொம்பப் பின்னால் தெரிந்தது. இஸ்தான்புல்லில் கோரா என்ற பழைய கோயில், இப்போது பள்ளிவாசல். அதன் பக்கவாட்டு மண்டபத்தில் 1320 வாக்கில் தீட்டிய சுவரோவியம். அதில் அவர் தனியாக எழும்பவில்லை. கால் அகட்டி நின்று, ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் பிரேதப்பெட்டிகளிலிருந்து இழுக்கிறார். காலடியில் பாதாளத்தின் கதவுகள் பெயர்ந்து கிடக்கின்றன. பூட்டும் தாழ்ப்பாளும் ஆணியும் இருட்டில் சிதறிக் கிடக்கின்றன. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது கைகளைத்தான். அவர் அவர்களுடைய உள்ளங்கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். கையைப் பிடித்தால் பிடிபட்டவரும் திருப்பிப் பிடிக்கவேண்டும். செத்தவருக்கு அந்தப் பலம் ஏது? பிரேதத்தைத் தூக்கித் திருப்பும்போது ஆச்சியும் மணிக்கட்டில்தான் பிடிப்பாள். அந்த மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டது என்று பிறகு படித்தேன்: அடக்கம் பண்ணுவதற்கு. சுவரில் கல்லறை மாடங்கள் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குக் கீழேதான் அவர்கள் தங்கள் பிரேதங்களை வைத்தார்கள்.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த புதிதில் அத்தை என்னைப் பரங்கிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோமா குத்துண்டு இறந்தது அங்கே என்பது மரபு, சாந்தோமில் கல்லறை. அந்தக் கல்லறையும் ஏறக்குறைய காலிதான். எலும்புகளை எதேசாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கிருந்து சுற்றி 1258-இல் இத்தாலியின் ஓர்தோனாவுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது மேற்கத்திய மரபு. இங்கே ஒரு சின்னத் துண்டு. சந்தேகத் தோமா என்று அவருக்குக் கெட்ட பெயர் வைத்துவிட்டோம். மற்றவர்கள் பார்த்ததைத்தான் அவரும் பார்க்கவேண்டும் என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இல்லை, ஒன்று கேட்டார். காயத்தைக் கேட்டார். முகத்தைப் பார்த்து நம்புகிறேன் என்று சொல்லவில்லை. ஆணித்தழும்பில் விரலை விட்டால் நம்புகிறேன் என்றார். கரவாஜியோ வரைந்த படத்தில் விரல் காயத்துக்குள் போயே விடுகிறது. யோவான் எழுதியதில் அவர் தொட்டதாக இல்லை. காட்டினார், இவர் பார்த்து என் ஆண்டவரே என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

எனக்கு அதில் பிடிபடாமல் இருந்தது காயம். மரணத்தையே ஜெயித்து வந்த உடம்பில் காயம் ஏன் ஆறாமல் இருக்கவேண்டும்? புதிதாக, தழும்பில்லாத உடம்போடு வந்திருக்கலாமே. அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' நூலின் கடைசிப் பகுதியில் இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். வெட்டி எறிந்த முடியும் நகமும் திரும்ப வருமா, நரமாமிசம் தின்றவனுக்குள் போன சதை யாருக்குச் சேரும், செத்துப்பிறந்த குழந்தைகள் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக. படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் அவர் உடம்பை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பேசவில்லை, ஆச்சி கட்சிக்காரர். இரத்தசாட்சிகளின் தழும்பு மட்டும் மறையாது, அது குறையாக இருக்காது, அழகாக இருக்கும் என்று அங்கே சொல்கிறார்.

2019-இல் ஈஸ்டர் ஏப்ரல் 21-ஆம் தேதி வந்தது. விடியற்காலை ஆராதனை முடிந்து வந்து, கறியை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனை எடுத்தேன். வாழ்த்துப் படங்கள், லில்லிப் பூக்கள், திறந்த கல்லறை, சூரியன். அதற்கு நடுவே கொழும்பில் குண்டுவெடிப்பு என்று ஒரு செய்தி. பிறகு நீர்கொழும்பு. பிறகு மட்டக்களப்பு. வாழ்த்தும் செய்தியும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன, அனுப்புகிறவர்களுக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை, கொழும்பில் மூன்று ஓட்டல்கள். இறந்தவர்கள் 260 பேருக்கு மேல். சீயோன் சபையில் மட்டும் 30 பேருக்கு அருகில், ஏறத்தாழ பாதிப் பேர் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகள். பையோடு வந்தவனை ஒருவர் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தியதால்தான் அந்த எண்ணிக்கை அதோடு நின்றது. அவரும் போய்விட்டார்.

கட்டுவாப்பிட்டி கோயிலில் உயிர்த்த இயேசுவின் சொரூபம் ஒன்று இருந்தது. வெள்ளை அங்கி, உயர்த்திய கை, எங்கள் வீட்டுக் காலண்டரில் இருந்த அதே இயேசு. அதன்மேல் இரத்தம் தெறித்துச் சிறுசிறு துளிகளாகக் காய்ந்திருந்த படத்தை உலகமே பார்த்தது. அவர்கள் அதைக் கழுவவில்லை. அப்படியே வைத்திருக்கிறார்கள். தோமா எதைக் கேட்டார் என்பது எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தபோது கொஞ்சம் புரிந்தது. தழும்பில்லாமல் வந்து நிற்கிற ஒருவரை மட்டக்களப்பில் பிள்ளையைப் புதைத்த தாய் எதற்காக நம்பவேண்டும்? அந்த வருஷம் சாயங்காலம்வரை கறி அடுப்பிலேயே இருந்தது.

பெரியப்பா சென்னையில்தான் இறந்தார். ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு பேச்சு, மின்மயானத்தில் எரித்துவிடலாம் என்று கனடாவிலிருந்து வந்த அவர் மகன் சொன்னது ஒரு பேச்சு. தீயில் போனவரை எழுப்பக் கடவுளால் ஆகாதா என்று அவன் கேட்டது நியாயம்தான். கத்தோலிக்க சபையே 1963-லிருந்து எரிக்க அனுமதிக்கிறது. சாம்பலைக் கடலிலும் காற்றிலும் தூவக்கூடாது என்று 2016-இல் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் பெரியம்மா கிடக்கும் குழியைத் திறப்பது என்று முடிவானது. நகரத்துப் பழைய கல்லறைத் தோட்டங்கள் நிரம்பி வெகுகாலம் ஆயிற்று. குடும்பக் குழி இருப்பவர்கள் அதையே திறந்துகொள்கிறார்கள். பெரியம்மாவின் எலும்புகளை ஒரு வெள்ளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்தார்கள். சின்ன மூட்டை. ஒரு காலத்தில் எனக்கு எண்ணெய் வைத்து இழுத்து இழுத்துப் பின்னிவிட்ட கை அதற்குள் எங்கோ இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று அந்த மூட்டையில் தெரியவில்லையே என்றுதான் தோன்றியது.

பிரேதத்தை ஆஸ்பத்திரியிலேயே குளிப்பாட்டி, சட்டை கோட்டு போட்டு, ஃப்ரீசர் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். ஆட்கள் கைகாரர்கள், அடுத்த சாவுக்குப் போகவேண்டிய அவசரம். மூடியை வைத்துத் திருகாணியை முடுக்கத் தொடங்கியபோது, திறங்கப்பா என்றேன். நேரமாச்சும்மா என்றார் ஒருவர். திறங்க என்றேன். சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் பெருவிரல்களில் ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணி இறுக்கிச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நகத்தால் பிய்க்கவேண்டியதாயிற்று. கனடாக்காரன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனே குனிந்து மற்றக் காலைப் பிடித்துக்கொண்டான்.

கீழத்தெருவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு சொன்னதற்கும் பொருளில்லை. ஆச்சி கீழத்தெருவுக்குக் குளிப்பாட்டப் போனதில்லை. அங்கிருந்து ஆள் வரவும் வராது. அவர்களுக்கு அவர்கள் தெருவிலேயே ஒரு கிழவி இருந்தாள். எங்கள் குழிகளை வெட்டியவர்கள் அவர்கள். அவர்களுடைய குழிகள் கல்லறைத் தோட்டத்தின் தென்கோடியில், உடைமுள் வேலிக்கு அந்தப் பக்கம். அங்கேயும் கால் கிழக்கேதான். ஆச்சியின் விசுவாசத்தைப் பற்றி நெகிழ்ந்து பேசும்போதெல்லாம் இந்த வேலி எனக்கு இடறுகிறது. திருச்சியில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவரே இருக்கிறது, தலித் கிறிஸ்தவர்களை ஒரு பக்கம் வைக்க. அதை இடிக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்தன. சரீர உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று இரண்டு பக்கத்தாரும் ஒரே கோயிலில் சொல்லிவிட்டு வந்து, இரண்டு பக்கமாகப் படுத்துக்கொள்கிறார்கள். ஆன்மா மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு சங்கடமும் தராது. உடம்பு எழும்பும் என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள், எழும்பிய முதல் நிமிடத்தில் சுவருக்கு மேலாக யார் முகத்தைப் பார்ப்போம் என்று ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டாமா? லாசருவின் கட்டை அவிழ்க்கச் சொன்னது எங்களைத்தானே.

எங்கள் ஊர் வேலி இப்போது இல்லை. பெரிய மனமாற்றம் என்று சொல்லமாட்டேன். இடம் இல்லாமல் போனது, புதிதாக ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள், அதில் எப்படிப் பிரிப்பது என்று கூட்டம் போட்டார்கள், அடிதடி வரைக்கும் போனது. அப்போதிருந்த ஐயர் இளைஞர். இறக்கிற வரிசையில் குழி, குடும்பமும் கிடையாது தெருவும் கிடையாது, இல்லையென்றால் நான் அடக்க ஆராதனைக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவரை மாற்றிவிட்டார்கள். தீர்மானத்தை மாற்றுவதற்குள் வரிசையில் ஐந்தாறு குழி விழுந்துவிட்டது. புதைத்ததைத் தோண்ட யாருக்கும் மனசு வரவில்லை. மேலத்தெரு, கீழத்தெரு, பள்ளிக்கூட ஆயா, கோயில்குட்டியார் மகன் என்று அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கு அந்த வரிசையில் இடம் வேண்டும் என்று மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். 600 கிலோமீட்டருக்கு மேலம்மா, ஃப்ரீசர் வண்டிக்காரன் என்ன கேட்பான் தெரியுமா என்கிறான். விசாரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.